ஆய்வுப்பொருள் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது

வணிக மேலாண்மையில் முனைவர் பட்டம் பெற்றால் பதவி உயர்வு எளிதாகும் என்று, அந்தப் பட்டம் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், எந்தக் கேள்வியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பதை அவர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வளரும் நம் பிள்ளைகள் அதற்காக வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. பால்மரம் சீவியவர்கள் பங்குதாரர்களான பின் நிர்வாகத்தை எப்படி நோக்கினார்கள், எவ்வளவு தூரம் கேள்வி கேட்டார்கள் என்பதெல்லாம் முழுமையான ஆய்வுக்கு உரியவை. முதிய உறுப்பினர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களை நேர்காணல் செய்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்க விரும்புவோர், டி.பி.ஏ. (வணிக நிர்வாக முனைவர் பட்டம்) பெரும்பாலும் தொழில்துறைச் சிக்கல்களுக்கும் பிஎச்.டி. (ஆய்வு முனைவர் பட்டம்) கோட்பாட்டுப் பங்களிப்புக்கும் முதன்மை தருவதை அறிந்து தேர்ந்தெடுக்கட்டும். கட்டணம் செலுத்துமுன், அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதும், தோட்டத் துறையை அறிந்த ஆய்வு மேற்பார்வையாளர் கிடைப்பாரா என்று விசாரிப்பதும் கட்டாயம்.