சாம்பல் கல்லும் யுரேனியமும்: முதலில் கிணற்றைப் பாருங்கள்

"நிலக்கரிச் சாம்பலில் யுரேனியம் இருக்கிறது, சாம்பல் கல்லில் வீடு கட்டாதீர்கள்" என்று ஒரு செய்தி சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சாம்பல் கல் என்பது அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து செய்யும் செங்கல். யுரேனியம் இருப்பது உண்மை. ஆனால் கடன் வாங்கி வீடு கட்டியவர்களை இப்படிக் கலங்கடிப்பது அநியாயம்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண நிலக்கரியில் டன்னுக்கு 1 முதல் 4 கிராம் வரை யுரேனியம் இருக்கும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய 4 அலகுகளும் சேர்ந்து 840 மெகாவாட். முழுத்திறனில் ஓடினால் நாளைக்கு 2 கோடி யூனிட். யூனிட்டுக்கு 700 கிராம் கரி என்று வைத்தால் 14,000 டன். டன்னுக்கு 2 கிராம் என்றால் நாளைக்கு 28 கிலோ யுரேனியம்! கேட்டதும் பகீரென்கிறது, சரி. ஆனால் ஒடிசாவிலிருந்து வரும் கரி மட்டரகம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். அந்த 28 கிலோவும் சுமார் 5,000 டன் சாம்பலில் பரவிவிடுகிறது. டன்னுக்கு ஐந்தாறு கிராம். சாதாரண மண்ணிலேயே இரண்டு மூன்று கிராம் உண்டு.

உலைச்சாம்பலைக் கையில் எடுத்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். உலைச் சூட்டில் உருகி உறைந்த நுண்ணிய கண்ணாடி மணிகள் அவை. யுரேனியம் சிதையும் வழியில் பிறக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயு அந்த மணிகளை விட்டு எளிதில் வெளியேறாது. காற்றோட்டமுள்ள வீட்டில் சாம்பல் கல் சுவருக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாக் கரியும் இப்படியல்ல. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், மேலே கிடந்த எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலிருந்து நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துக் கீழே கொண்டுவந்தது. பழுப்பு நிலக்கரியின் கரிமப் பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. 1960களில் பெல்ஃபீல்டிலும் போமனிலும் அந்தக் கரியை எரித்ததே சாம்பலிலிருந்து யுரேனியம் எடுக்கத்தான். அந்த இடங்களின் கதையை மேட்டூருக்கு ஒட்டவைப்பது தப்பு.

அப்படியானால் நமக்குக் கவலையே இல்லையா? இருக்கிறது, தண்ணீரில். கரிக்குள் கரையாமல் கிடந்த யுரேனியம் எரிந்தபின் கரையக்கூடிய நிலைக்கு மாறுகிறது. கண்ணாடிக்குள் சிக்காமல் மணியின் மேல் ஒட்டிய பங்கு, கார்பனேட் உள்ள தண்ணீர் பட்டால் கரையும். கூடவே ஆர்சனிக், செலினியம், போரான். யுரேனியம் கலந்த தண்ணீரைக் குடித்தால் கதிர்வீச்சின் பாதிப்புக்கு முன்னால் அதன் ரசாயன நச்சால் அடிபடுவது சிறுநீரகம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் அறிவிக்கைப்படி அனல்மின் நிலையங்கள் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும். கல்லுக்கும் சிமெண்டுக்கும் போவது நல்லதுதான். பள்ளம் நிரப்பவும் சாலை போடவும் கொட்டுவதுதான் என்னை உறுத்துகிறது. அங்கே மழைநீருக்கும் சாம்பலுக்கும் நடுவில் என்ன தடுப்பு இருக்கிறது? சாம்பல் அள்ளும் தொழிலாளி முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் நுரையீரலுக்குள் போகும் சிலிகா தூசியைப் பற்றி எந்த ஃபார்வர்டும் வருவதில்லை.

நம் பாறையிலிருந்தும் தண்ணீருக்கு யுரேனியம் வரலாம். அதனால் யுரேனியத்தை மட்டும் அளந்துவிட்டு ஆலையைக் கைகாட்ட முடியாது. போரானையும் சேர்த்து அளக்க வேண்டும், சாம்பல் நீர் கலந்ததா என்பதற்கு அது நல்ல தடயம். ஆலை சாம்பலைத் தண்ணீரோடு கொட்டித் தேக்கும் சாம்பல் குளத்தைச் சுற்றியும் சாம்பல் நிரப்பிய நிலங்களைச் சுற்றியும் உள்ள கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவைத் தமிழில் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்வோம். மேச்சேரி, மேட்டூர் பக்கத்து நண்பர்களே, அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மனு எழுத நான் உதவுகிறேன்.