ரிமோட்டைக் கீழே வையுங்கள், சண்டையைப் பார்க்க விடுங்கள்

பழைய குங்ஃபூ படத்தை எடுத்தபடியே பார்க்க விடக்கூடாது என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்களா என்ன? கேட்டால் 4கே என்கிறார்கள், ரீமாஸ்டர் என்கிறார்கள். சந்தாவைக் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஆசையாக ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ போட்டால், படத்தின் இரண்டு பக்கத்தையும் நறுக்கி எறிந்துவிட்டு நடுத்துண்டை மட்டும் டிவி முழுக்க ஊதி வைத்திருக்கிறார்கள். எந்த ஓடிடி என்று சொல்லப்போவதில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் இதே கூத்துதான்.

இந்தப் படத்தைத் தயாரித்த ஹாங்காங் ஸ்டுடியோவான ஷா பிரதர்ஸின் அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் ‘ஷாஸ்கோப்’ அகலத்தில் எடுத்தவை. உயரம் 1 என்றால் அகலம் 2.35. இன்றைய டிவியின் அகலம் 1.78. அப்படியானால் திரையை நிரப்ப ஏறக்குறைய கால்வாசிப் படத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். வாழை இலை போட்டுப் பரிமாறிவிட்டு இரண்டு ஓரத்தையும் கிழித்துக்கொண்டு போனால் சும்மா உட்கார்ந்திருப்போமா? “ஓரத்தில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது” என்று கேட்பவர்கள் அந்தப் படத்தில் தண்ணீர் சுமக்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். ஹீரோ கோர்டன் லியு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வாளிகளைத் தூக்கிக்கொண்டு போவார். புஜத்தில் கத்தி கட்டியிருக்கும், கை கொஞ்சம் தாழ்ந்தால் விலாவில் குத்தும். அந்த நீட்டிய கையில்தான் மொத்த வேதனையும் இருக்கிறது. வாளியையும் மணிக்கட்டையும் வெட்டிவிட்டால் மிச்சம் என்ன, ஒரு மொட்டைத்தலை ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் படத்தை இயக்கிய லாவ் கார் லியுங் யார் என்று தெரிந்தால் வயிறு இன்னும் எரியும். அவருக்கு வித்தை அப்பாவிடமிருந்து வந்தது, அப்பாவுக்கு லாம் சாய் விங்கிடமிருந்து, லாமுக்கு குங்ஃபூவின் பெரிய ஆசானான சாட்சாத் வோங் ஃபேய் ஹுங்கிடமிருந்து. இப்படி வழிவழியாக வந்த ஹங் கார் என்ற குங்ஃபூ வித்தையைத் திரையில் வைப்பதற்காகவே மனுஷன் படம் எடுத்தார், அதனால் தலையிலிருந்து பாதம் வரை தெரிகிற தூரத்தில் கேமராவை நிறுத்தி, அடி, தடை, பதிலடி எல்லாம் ஒரே ஷாட்டில் ஓட விடுவார். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று தெரிந்தால்தானே கை ஏன் அந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியும்? 1982-ல் வந்த ‘லெஜண்டரி வெப்பன்ஸ் ஆஃப் சைனா’ கடைசிச் சண்டையில் அவரும் சொந்தத் தம்பி லாவ் கார் விங்கும் ஆயுதத்துக்குமேல் ஆயுதமாக மாற்றி மோதிக்கொள்வார்கள். அந்த மாதிரிச் சண்டையை நறுக்கிப் போட்டால் ஈட்டி எங்கிருந்தோ வருகிறது, எங்கேயோ போகிறது, யாரோ “ஹா” என்கிறார்.

இதாவது பரவாயில்லை. போனில் நிமிர்த்திப் பார்க்கிற நெட்டுக்குத்து வீடியோ இருக்கிறதே, அதில் இந்தப் படங்களை அடைத்தால் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், தெரிவதோ ஒருவர். அவரும் காற்றோடு மல்லுக்கட்டுகிறார். மேலே சிரிக்கிற பொம்மைகள் நாலு, கீழே “அந்தக் காலத்து காமெடி” என்று ஒரு வரி. காமெடி யார் பண்ணியது ஐயா, அவரா நீயா?

அப்புறம் வீட்டில் ஒரு சித்தப்பா. முழு அகலத்தோடு ஒரு பிரதியைத் தேடிப் பிடித்துப் போட்டால், வந்து உட்கார்ந்த மறுநிமிடம், “ஏன்டா, 55 இன்ச் வாங்கிட்டு மேலயும் கீழயும் எதுக்கு இருட்டா விட்டு வெச்சிருக்க?” என்று ரிமோட்டை எடுத்து ஜூம் அமுக்குவார். “சித்தப்பா, படமே அவ்வளவுதான், அதை விடுங்க” என்றால் கேட்க மாட்டார். அதோடு விடுவாரா? “இதெல்லாம் நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர் போய்ச் சொல்லிக் கொடுத்தது” என்று ஆரம்பிப்பார். அவர் பெயரில் சுற்றுகிற பயிற்சி நூலே அவருக்கு வெகுகாலம் பின்னால் வந்த 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று சொல்லிப் பார்த்தேன். பலன், ஒரு மணி நேரச் சொற்பொழிவு. படம் போச்சு.

எல்லாவற்றையும்விட எனக்கு ரத்தம் கொதிப்பது டிவியிலேயே ஒளிந்திருக்கும் மோஷன் ஸ்மூத்திங் என்ற பிசாசைப் பார்த்துத்தான். படம் விநாடிக்கு 24 ஃபிரேம். டிவி தன் இஷ்டத்துக்கு இடையில் இல்லாத ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகுகிறது, எல்லாம் மெகா சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடுகிறது. ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவ் மூவரும் ஹாங்காங்கில் ஒரே பீகிங் ஓபரா (பாட்டும் குட்டிக்கரணமும் சண்டையும் கலந்த சீன மேடை நாடகம்) பள்ளியில் அடிபட்டு வளர்ந்தவர்கள். அந்த மேடையின் தாளக்கட்டு இவர்கள் சண்டையில் அப்படியே இருக்கும். தட், தட், ஒரு கணம் சிலையாக நிற்பது, அப்புறம் சரமாரி. அந்த ஒரு கண நிற்றலில்தான் அடியின் கனமே ஏறுகிறது. அதை இஸ்திரி போட்டுத் தேய்க்க இந்த டிவிக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 1984-ல் வந்த ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ படத்தில் ஜாக்கி சானோடு மோதும் வில்லன் பென்னி உர்கிடெஸ் சுழன்று விடும் உதையின் காற்றிலேயே வரிசையாக நின்ற மெழுகுவர்த்திகள் அணையும். ஸ்மூத்திங் ஓடுகிற டிவியில் அதைப் பாருங்கள், காலைச் சுற்றி ஒரு கலங்கல், சுடரைச் சுற்றி ஒரு நடுக்கம், அணைந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. 2018-ல் டாம் குரூஸே வீடியோ போட்டு இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்னமும் பல டிவிகள் பெட்டியைப் பிரிக்கும்போதே இதை ஆன் செய்த நிலையில்தான் வருகின்றன. அணைக்கும் பொத்தானோ மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனு.

படத்தின்மேல் கை வைப்பது புதுசும் இல்லை. 1994-ல் வந்த ஜாக்கி சானின் ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’ படம் 2000-ல் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போனபோது இசையை மாற்றினார்கள், குரலை மாற்றினார்கள், முடிவையும் வெட்டினார்கள். சண்டையை மட்டும் விட்டுவைத்தார்களே என்று கும்பிட வேண்டியதுதான்.

சரி, டிஸ்க் வாங்கலாம். 2021-லிருந்து இங்கிலாந்தின் ஆரோ வீடியோ நிறுவனம் ஷா பிரதர்ஸ் படங்களை முழு அகலத்தோடு பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறது. அதை ஓட்ட ஒரு ப்ளூரே பிளேயர் வேண்டுமே என்று கடைக்குப் போய்க் கேட்டால், அங்கிருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார், இந்த டிவி எடுத்துக்கோங்க, எந்தப் படம் போட்டாலும் அதுவே ஃபுல் ஸ்கிரீன் ஆக்கிடும்” என்கிறான்.