அம்மாவின் ஆயிரம் ரூபாயும் டொலரும்

நேற்று ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "டொலர் கதை முடிஞ்சி போச்சிண்ணே, பிரிக்ஸ் காசு வருதாம்" என்றார். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா என்று தொடங்கிய நாடுகளின் கூட்டுத்தான் பிரிக்ஸ். தம்பிக்கு முகமெல்லாம் சந்தோஷம். 2022இல் இலங்கை பட்ட நெருக்கடியை இந்த மலையில் இருந்து தாண்டி வந்தவர்களுக்கு டொலர் மேல் கோபம் இல்லாமல் இருக்குமா? எனக்கும் இருக்கிறது.

அந்த வருஷம் மே மாதம் ஒரு நாள். அம்மா தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் கடைக்குப் போய் வந்தார். வழக்கமாக இரண்டு கிலோ கோதுமை மா வாங்குகிறவர் கையில் ஒரு கிலோதான் இருந்தது. பையை மேசையில் வைத்து, "ஆயிரம் ரூவா அப்பிடியேதான்டா இருக்கு, சாமான்தான் எட்டாத எடத்துக்குப் போயிருச்சி" என்றார்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளர் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அதாவது ஐந்து டொலர். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் விலையைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது, மே மாதம் டொலர் 360. அம்மாவின் அதே ஆயிரம் மூன்று டொலர்கூட இல்லை. மலை அதே மலை, கூடை அதே கூடை. அவர் பறித்த கொழுந்து தூளாகி, வெளிநாட்டில் டொலருக்குத்தான் விற்றது. கொழும்பு ஏலத்தில் ரூபாய் விலை அந்த வருஷம் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. (தோட்டக் கம்பனிக்கும் அது சுகமான வருஷம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2021இல் ரசாயன உரத்தைத் தடுத்த பிறகு, 30 கோடி கிலோ அளவில் இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடிக்கு இறங்கியது.) ஆனாலும் ரூபாய் விழுந்ததை ஏலத்து விலையில் யாரோ ஈடுகட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அந்த வழி இல்லை.

அப்படியானால் டொலருக்கு மாற்று தேவையில்லையா? தேவை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அடுத்த மாதம், கையில் எடுத்துப் பாவிக்கக்கூடியது ஐந்து கோடி டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். காசு கட்ட வழியில்லாமல் எண்ணெய்க் கப்பல்கள் கடலில் நின்றன. அதே வருஷம் உக்ரைன் போருக்காக ரஷ்யாவின் சேமிப்பில் சுமார் 30,000 கோடி டொலர் பெறுமதியை மேற்கு நாடுகள் முடக்கின. நாளைக்கு நமக்கும் இப்படி நடந்தால் என்று மற்ற நாடுகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உலக மத்திய வங்கிகளின் கையிருப்பில் 1999இல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்த டொலர் இப்போது 60க்குக் கீழே. கதை முடியவில்லை, மெதுவாகக் கரைகிறது.

ஆனால் மாற்று என்று வருகிற எல்லாம் நமக்குச் சுதந்திரம் தருமா? ரஷ்யா இந்தியாவுக்கு எண்ணெயை விற்று இந்திய ரூபாயாகவும் வாங்கியது. 2023 மே மாதம் அதன் வெளிவிவகார அமைச்சரே, கோடி கோடியாக ரூபாய் இந்திய வங்கிகளில் சேர்ந்து கிடக்கிறது, எடுத்துச் செலவழிக்க வழி வேண்டும் என்றார். எனக்குத் தாத்தா சொன்ன தோட்டத்துக் கடைப் பற்றுதான் ஞாபகம் வந்தது. அரிசி, மா, துணி எல்லாம் அந்த ஒரே கடையில். சம்பள நாளில் பற்றைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். டவுனில் பாதி விலைக்குச் சாமான் இருந்தாலும் தாத்தாவால் வாங்க முடியாது.

சீனாவுடன் 2021இல் செய்த 1000 கோடி யுவான் (சீனக் காசு) கைமாற்று ஒப்பந்தமும் அப்படித்தான். மூன்று மாத இறக்குமதிக்குக் கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்று நிபந்தனை. அவ்வளவு இருந்தால் நமக்கு அது எதற்கு?

எனக்கு நம்பிக்கை தந்த ஒன்று உண்டு, அதில் நம் கொழுந்து இருக்கிறது. ஈரானுக்கு எண்ணெய்க் கடன் 25 கோடி 10 லட்சம் டொலர். மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பித் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம். இங்கே எண்ணெய்க் கூட்டுத்தாபனம் ரூபாயைக் கட்டும், ஏற்றுமதியாளர் ரூபாயாக வாங்குவார், ஒரு டொலரும் வெளியே போகாது. நம் தேயிலையை அள்ளி வாங்குகிற ஈராக், ரஷ்யா, துருக்கி எல்லாரோடும் இப்படிப் பேசலாம். இந்திய ரூபாயும் வரட்டும். இந்தியா நம்மிடம் தேயிலை அதிகம் வாங்காது, ஆனால் நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் வருகிற இந்தியப் பயணிகள் கொண்டுவரும் ரூபாயில் இந்திய மருந்து வாங்கலாமே. ஒரே கடையில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

2024 ஒக்டோபரில் பிரிக்ஸில் சேர நம் நாடும் விண்ணப்பித்தது. சேரட்டும். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. அன்றைக்கு டொலர் 300 ரூபாய்ப் பக்கம். வகுத்துப் பாருங்கள், நாலரை டொலர். 350 ரூபாய் கூட்டிக் கொடுத்தும் 2021இன் ஐந்து டொலரை எட்டவில்லை. மா, எண்ணெய், பால்மா, மருந்து எல்லாம் கப்பலில் வருகிற வீட்டில் இந்தக் கணக்குத்தான் அடுப்புக் கணக்கு.

அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகிற தொழிற்சங்கத்து அண்ணன்மாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். டொலரோ, யுவானோ, இந்திய ரூபாயோ, தேயிலை எந்தக் காசுக்குப் போனாலும் சரி. இலங்கை ரூபாய் விழுந்தால் அதே மாதம் நாள் சம்பளமும் ஏற வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். 2021இல் இருந்து மாதம் மாதமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவின் சம்பளத் துண்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.