அந்த நாற்பது பேரை என்ன செய்யலாம்?

போன சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளோடு கதை எழுதும் விளையாட்டு ஒன்று நடத்தினேன். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகிற பக்கம் இருக்கிற சின்ன ஊர். ஏழாவது, எட்டாவது படிக்கிற இருபது பேர் வந்திருந்தார்கள். கதையின் தொடக்கத்தை நான் சொல்வேன், மீதியைக் குழுவாக உட்கார்ந்து அவர்கள் எழுத வேண்டும்.

நான் சொன்ன தொடக்கம் இதுதான். ஒரு பெரிய விண்கலம். உள்ளே 2,000 பேர். பூமியை விட்டுக் கிளம்பி நூறு வருடம் ஆகிறது, போய்ச் சேர இன்னும் நூறு வருடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், வழியில் உடைந்து நின்ற வேறொரு கலத்திலிருந்து நாற்பது பேரைக் காப்பாற்றி ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் பேசுகிற மொழி வேறு, சாப்பாடு வேறு. இப்போது கலத்துக்குள் ஒரு காய்ச்சல் பரவுகிறது. ஒரே வாரத்தில் பதினைந்து பேர் இறந்துவிட்டார்கள். நீங்கள்தான் அந்த ஊரின் தலைவர்கள். என்ன செய்வீர்கள்?

நாலு குழுவில் மூன்று குழு அந்த நாற்பது பேரைத்தான் பிடித்தது. ஒரு குழு அவர்களைப் பின்பக்க அறையில் போட்டுப் பூட்டியது. இன்னொரு குழு பூட்டியதோடு சாப்பாட்டையும் பாதியாக்கியது. மூன்றாவது குழு கதவைத் திறந்து வெளியே தள்ளிவிட்டது. "அவங்க வந்த பிறகுதானே டீச்சர் காய்ச்சல் வந்துச்சு" என்றான் வாசித்த பையன். தெருவில் திரிகிற நாய்க்குட்டிக்குத் தன் பிஸ்கட்டைப் பிய்த்துப் போடுகிற பையன் அவன். கொடுமைக்காரப் பிள்ளை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

காய்ச்சலை அவர்கள் கொண்டுவந்தார்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு ஏறினார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். மீதியைப் பிள்ளைகளே சேர்த்துக்கொண்டார்கள்.

நாலாவது குழுவில் ஒரு சிறுமி எழுந்து, "முதல்ல தண்ணி டேங்கைத் திறந்து பாக்கணும் டீச்சர்" என்றாள். அவள் அப்பா பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். ஊரில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர் முதலில் ஏறிப் பார்ப்பது மேல்நிலைத் தொட்டியை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. "எல்லாரும் ஒரே தண்ணிதானே குடிக்கிறாங்க? அந்த நாப்பது பேரும் அதைத்தானே குடிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கேட்டது விண்வெளி விஞ்ஞானமும் கேட்கிற கேள்விதான். இப்போது மேலே சுற்றிக்கொண்டிருக்கிற சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்களின் வியர்வையும் சிறுநீரும் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி குடிநீராகின்றன. விட்ட மூச்சே சுத்தமாகித் திரும்பி வருகிறது. கிளம்புவதற்கு முன்னால் எல்லாரையும் சுமார் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பரிசோதித்துத்தான் அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து ஒரு கிருமியும் ஏறிவிடக் கூடாது என்று அத்தனை கவனம். அப்படியும் என்ன நடந்தது தெரியுமா? விண்வெளிக்குப் போய் வந்தவர்களின் எச்சிலைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ்கள் விழித்துக்கொண்டிருந்தன. சின்னம்மை வைரஸும் அந்தக் குடும்பம்தான். சின்ன வயதில் வந்துபோன நோய், உடம்புக்குள்ளேயே படுத்துக் கிடந்து, அலைச்சலிலும் மன அழுத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் எழுந்துவிடுகிறது. பெரும்பாலோருக்குத் தொந்தரவு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கதவை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் கிருமி பயணிகளின் உடம்பிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளைகளிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது எங்கள் ஊரே அந்தக் கலமாகத்தான் இருந்தது. அன்று நான் அந்தச் சிறுமியைப் போல எழுந்து நிற்கவில்லை.

நினைவிருக்கும் உங்களுக்கு. 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மாவட்டங்களைப் பிரித்துப் பட்டியல் வெளியிட்டபோது, தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலம் ஒன்றே ஒன்றுதான். நம் கிருஷ்ணகிரி. எவ்வளவு பெருமைப்பட்டோம்! அந்தப் பெருமையே எங்களைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். நாம் சுத்தமானவர்கள், இனிமேல் வந்தால் வெளியிலிருந்துதான் வரும் என்ற எண்ணம் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதலில் மாட்டியவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கிரானைட் பட்டறையில் வேலை செய்த ஆறு பையன்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "வடநாட்டுப் பசங்க, எங்கெங்க சுத்திட்டு வந்தாங்களோ" என்றார்கள். அந்தப் பையன்கள் தீபாவளிக்குப் பிறகு ஊருக்கே போகவில்லை. பட்டறை, வீடு, மளிகைக்கடை, இவ்வளவுதான் அவர்கள் போன இடம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ மார்ச் மூன்றாவது வாரம் வரை பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். யார் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்து போனதை மாடியிலிருந்து பார்த்தேன். மாமியாருக்கு எழுபது வயது, மூச்சிரைப்பு உண்டு. எனக்கும் பயம்தான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல வேலை செய்தீர்கள்" என்று வரிசையாக வந்து விழுந்தது. நான் எதிர்த்து ஒரு வார்த்தை எழுதவில்லை.

அடுத்து என் சித்தப்பா. ராயக்கோட்டையிலிருந்து கோயம்பேட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறவர். நாடே அடைந்து கிடந்தபோது காய்கறி வண்டி மட்டும் ஓட வேண்டும் என்று அரசு சொன்னது, அவரும் ஓட்டினார். மே தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவுகிறது என்று செய்தி வந்தது, 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்கு மறுநாள் சித்தப்பா ஊருக்குத் திரும்பினார். ஊர் எல்லையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் தடியோடு நின்றார்கள். அதில் பாதிப் பேர் அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளைகள்.

சித்தப்பா சண்டை போடவில்லை. வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில் பதினாலு நாள் தங்கினார். அது அவரே எடுத்த முடிவு, சரியான முடிவும்கூட. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அதற்குள் சித்தி பால் ஊற்றப் போனால் கேனை வாங்க மறுத்தார்கள். கடையில் காசைத் தரையில் வைக்கச் சொன்னார்கள். இருபது நாள் கழித்தும் அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடாதே என்று சொல்லி வைத்திருந்தார்கள். பதினாலு நாள் கணக்கு கிருமிக்கு முடிந்துபோனது. ஊர்க்காரர்களுக்கு முடியவில்லை.

அப்புறம் ஜூலையில் காய்ச்சல் வந்தே விட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எதிர்த் தெருவில் ஒரு பெரியம்மா, மகனோடு மளிகைக்கடையில் உட்காருவார். அவருக்குக் காய்ச்சல் வந்து ஏழு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாசலில் தகரம் அடிப்பார்கள், கடைக்கு ஆள் வராது, சித்தப்பா வீட்டுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று பயம். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். எட்டாவது நாள் மூச்சு விட முடியாமல் 108-ல் ஏற்றினோம். மூன்றாவது நாள் போய்விட்டார். அந்த ஏழு நாளில் கடைக்குப் போன வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. மாமியாருக்கும் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

முள்ளை வெட்டிப் போட்டபோது, நோயை ஊருக்கு வெளியே நிறுத்துகிறோம் என்று நினைத்தோம். அந்த முள்தான் பெரியம்மாவின் வாயை அடைத்தது. பழி போடுகிற ஊரில் எந்த நோயாளியும் வாய் திறக்க மாட்டார், மறைக்கத்தான் செய்வார். அன்பாக இருங்கள் என்று மட்டும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. வெறும் உயிர்பிழைக்கிற கணக்காகப் பார்த்தாலும் நாங்கள் செய்தது தப்பு.

நம் பகுதிக்கு இது புதிதும் இல்லை. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தது. அந்தக் காலத்துச் சென்னை மாகாண அரசு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று வைத்திருந்தது. நோய் பரவிய ஊரிலிருந்து வருகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் தினமும் தலைகாட்ட வேண்டும். நம் இ-பாஸுக்குப் பாட்டன். ஆனால் கிருமிக்கு எந்தப் பாஸ்போர்ட்டும் தேவைப்படவில்லை. அது எலிகளோடும் எலியின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளோடும் தானிய மூட்டையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று அதே 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னார். பல வருடம் அவரை யாரும் சரியாக நம்பவில்லை. ஆனால் எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்தில் கொட்டகை போட வேண்டும் என்று என் பாட்டி சொல்லுவார். அவர் பார்க்கச் சொன்னது எலியை. பக்கத்து வீட்டுக்காரனை இல்லை.

இன்றைக்கும் ஓசூரில் தமிழக அரசின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு நிறுவனம் இருக்கிறது. மூன்று மாநிலமும் சந்திக்கிற இந்த வட்டாரம் பிளேக் ஊன்றி நின்ற இடம் என்பதால், எலிகளைப் பிடித்து, தெள்ளுப்பூச்சிகளை எடுத்துப் பரிசோதிப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? யாரும் கவனிக்காமல், ஒரு மனிதரையும் விரட்டாமல், டேங்கைத் திறந்து பார்க்கிற வேலையை அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு ஊரின் கதையும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. ஐரோப்பாவில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற நகரம். கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த நேரம், யூதர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி. அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் செத்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படி அவர்கள் காரணமாக முடியும் என்று போப் ஆறாம் கிளமென்ட்டே 1348-ல் எழுதினார். கேட்கவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று அந்த நகரத்து யூதர்களைக் கூட்டமாக எரித்துக் கொன்றார்கள். அன்றைக்கு அந்த நகரத்துக்குக் கொள்ளைநோய் வந்து சேரவே இல்லை. பச்சை மண்டலம்! நோய் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோனது.

"அப்போ யாரையுமே தனியா வைக்கக் கூடாதா?" என்று என் தம்பி கேட்டான். வைக்க வேண்டும். 1969-ல் நிலவிலிருந்து திரும்பிய மூன்று பேரை, நிலவுக் கிருமி ஏதாவது வந்துவிட்டதோ என்று 21 நாள் கணக்கில் தனிமையில் வைத்தார்கள். முதலில் கப்பல் மேல் ஒரு சின்னக் கூண்டு வண்டியில் அடைத்தார்கள். அமெரிக்க அதிபரே அதன் ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்துப் பேசினார். அடுத்த வருடம் அப்பல்லோ 13 என்ற நிலவுக் கலம் கிளம்புவதற்கு முன்னால், கூட இருந்தவருக்கு ருபெல்லா என்ற அம்மை வந்ததால் கென் மேட்டிங்லி என்ற வீரரை இறக்கிவிட்டார்கள். அவருக்கு நோய் வரவே இல்லை. ஆனால் யாரும் அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. கலம் வழியில் பழுதானபோது, கீழே இருந்துகொண்டு அதை உயிரோடு திரும்பக் கொண்டுவர உழைத்தவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வருடம் கழித்து அவரே நிலவுப் பயணம் போனார். சித்தப்பாவும் பதினாலு நாள் தனியாகத்தான் இருந்தார். அவர் கொட்டகைக்கு வெளியே, பத்தடி தள்ளி நின்று, "சாப்பிட்டீங்களா" என்று கேட்க ஒரு ஆள் போயிருக்கலாம். நான் போயிருக்கலாம். போகவில்லை. சித்தியிடம் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்பியதோடு சரி.

இந்தப் பிள்ளைகள் அன்று இன்னும் சிறியவர்களாக வீட்டுக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் வெட்டப் போனவர்களை, ஜன்னலைச் சாத்தியவர்களை, போனில் "அவன் வந்துட்டானாம்" என்று கிசுகிசுத்தவர்களை. இப்போது அவர்கள் கையில் ஒரு விண்கலத்தைக் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்? நாங்கள் செய்ததைத்தான் எழுதினார்கள்.

இந்த சனிக்கிழமை கதையைத் தொடர்கிறோம். அதே கலம், அதே காய்ச்சல். இந்த முறை எல்லாக் குழுவும் அந்த நாற்பது பேராக இருந்து எழுத வேண்டும். டேங்கைத் திறந்து பார்க்கச் சொன்ன சிறுமியிடம், தொட்டிக்குள் என்ன இருந்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று சித்தப்பாவையும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. லோடு இல்லாவிட்டால் வருகிறேன் என்றார்.