பேரில மட்டும் மலை

எங்கட யாழ்ப்பாணத்தில மலை எண்டா கீரிமலைதான். அதுவும் பேரில மட்டும். இஞ்ச சைக்கிள் உழக்கிப் பழகினவனுக்கு ஏத்தம் எண்டது ஆனையிறவு வெட்டையில சோளகக் காத்துக்கு எதிரா ஓடுறதுதான். அதாலதான் தூரப் பயணம் கதைக்கேக்க எல்லாரும் "எத்தின கிலோமீற்றர்?" எண்டு மட்டும் கேக்கினம். நானும் கேட்டவன்தான்.

போன வருசம் நானும் மச்சானும் நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டம். மூண்டு நாளில கண்டி. ஏ9 றோட்டு பெரிசாச் சோதிக்கேல்ல, மாத்தளைக்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு வாங்கினது. மிச்சம் 77 கிலோமீற்றர் எண்டவுடன மச்சான், "கிளிநொச்சிக்குப் போய்வாற தூரம்கூட இல்லையடா, மத்தியானச் சாப்பாடு அங்கதான்" எண்டான்.

கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. வித்தியாசத்தை 77 கிலோமீற்றருக்கும் பிரிச்சுப்போட்டா 100 மீற்றருக்கு 2 மீற்றர்கூட வராது. இந்தச் சராசரிதான் ஆளை விழுத்துறது. கம்பளை வரைக்கும் றோட்டு மகாவலியோட சும்மா போகுது. ஏறவேண்டியதெல்லாம் அங்கால கிடக்கு. றம்பொடையில நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போறன், நெத்தி வேர்வை பாருக்கு மேல சொட்டுச் சொட்டா விழுது, தலையில விறகுக்கட்டோட ஒரு அம்மா என்னை முந்திப் போறா. "என்னா தம்பி, சைக்கிளையும் கூட்டிக்கிட்டு நடக்குறீங்க?"

இப்ப தூரத்துக்கு முதல், வழி எங்க ஏறுது எங்க இறங்குது எண்டு செயலி கீறிக் காட்டுற உயரப் படத்தைத்தான் பாக்கிறன். போய்ச் சேருற ஊரின்ர உயரத்தை இல்லை, வழியில மொத்தமா எவ்வளவு ஏறவேணும் எண்டதை. 100 மீற்றர் ஏறி, 60 இறங்கி, திரும்ப 60 ஏறினா காலுக்குக் கணக்கு 160. பிறகு, ஆகச் செங்குத்தான ரெண்டு மூண்டு கிலோமீற்றர் எங்க கிடக்கு, அது விடியக்காலமை வருதா, களைச்ச பிறகு வருதா எண்டு பாக்கவேணும். பின்சில்லில பெரிய பிறீவீல் (பல்லுச்சக்கரம்) போடுறதா இல்லையா எண்டதையும் அதுதான் சொல்லும்.

செயலி சொல்லுறதையும் அப்பிடியே நம்பாதேங்கோ. கனக்க இடத்தில பாவிக்கிற உயரத் தரவு 2000 பெப்ரவரியில எண்டெவர் விண்ணோடம் ரேடாரால அளந்தது. ரேடார் மரத்தில பட்டும் திரும்பும். மலை வளைவில, செயலி கீறுற எங்கட வழிக்கோடு கொஞ்சம் விலகினாலே பக்கத்துப் பள்ளத்தின்ர உயரத்தை எடுத்துப்போடும். ஒருக்கா பருத்தித்துறைக்குப் போய்வந்ததுக்கு என்ர போன் 100 மீற்றருக்கு மேல ஏறினதாச் சொல்லிச்சு. வழியில பனையில ஏறியிருந்தாத்தான் உண்டு!

நேற்று மச்சான் மெசேஜ் போட்டிருந்தான். அடுத்தது ஹப்புத்தளையாம், எத்தின கிலோமீற்றராம். உயரப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டன். ரெண்டு நீலச் சரியும் விழுந்திட்டுது, பதிலைத்தான் காணேல்ல.