ஒன்பது கிரகமும் ஒரு வாக்கரும்

(கும்பகோணம். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. அம்மா உள்ளறையில் படுத்தாகிவிட்டது. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து சித்தி குடும்பம் வருகிறது. பேருக்கு அம்மாவைப் பார்க்க, நிஜத்தில் நவக்கிரகக் கோயில் சுற்ற. திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள் அக்கா வசந்தா. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் தம்பி பாஸ்கரின் மடியில் லேப்டாப்.)

பாஸ்கர்: நீ பேசாம ரெஸ்ட் எடுக்கா. எல்லாத்தையும் எக்செல்ல போட்டாச்சு. சித்தி, சித்தப்பா, ரெண்டு பையன், ரெண்டு மருமக, பொண்ணு, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைங்க 3. ஆக மொத்தம் 11 பேரு.

வசந்தா: 12.

பாஸ்கர்: இப்பத்தானே எண்ணுனேன்!

வசந்தா: டெம்போ டிராவலர் தானா ஓடி வருதா? டிரைவருக்கும் இலை போடணும், ஃபேனுக்குக் கீழ பாய் போடணும். அந்த மனுஷன் தூங்கலைன்னா மறுநாள் குடும்பத்தோட நேரா ஸ்ரீவாஞ்சியந்தான். அங்கதான் எமனுக்குத் தனிச் சன்னதி இருக்கு.

பாஸ்கர்: சரி, 12. கோயில் பிளானும் ரெடி. கிழமை வரிசையிலயே போட்டுட்டேன். முதல்ல சூரியனார்கோயில், அடுத்து திங்களூர், அடுத்து செவ்வாய்க்கு வைத்தீசுவரன்கோயில்...

வசந்தா: காலண்டரைப் பார்த்தா வண்டி ஓட்டுவாங்க? சூரியனார்கோயில் கிழக்க இருக்கு, திங்களூர் மேற்க திருவையாத்துக்கிட்ட. செவ்வாய்க்கு மறுபடி கிழக்க ஓடணும். மூணாவது கிரகத்துலயே டீசல் தீந்துரும். காலையில 6 மணிக்குத் திங்களூர்ல ஆரம்பிக்கச் சொல்லு. ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் முடிச்சிட்டு, நடை சாத்துறதுக்குள்ள வைத்தீசுவரன்கோயில். சாயந்திரம் நடை திறந்ததும் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில திருநள்ளாறு.

பாஸ்கர்: ரொம்ப விரட்டுற மாதிரி இருக்கேக்கா.

வசந்தா: விரட்டித்தான் ஆகணும். மத்தியானம் 12 மணி வாக்குல நடை சாத்துனா 4 மணி வரைக்கும் போக்கிடம் கிடையாது. வைத்தீசுவரன்கோயில்ல மாட்டுனா அங்கேயே ஓட்டல்ல சாப்பிட்டுக்குவாங்க. கஞ்சனூர்ல மாட்டுனாங்கன்னு வையி, "வீடு பக்கந்தானே"ன்னு வண்டியைத் திருப்பிருவாங்க. 12 பேருக்கு மறுபடி உலை வைக்கணும்.

பாஸ்கர்: (டைப் அடித்தபடி) கஞ்சனூரை... சீக்கிரம்... கடக்கணும். தண்ணி?

வசந்தா: மேல்தொட்டி 500 லிட்டர். ஆளுக்கு ரெண்டு பக்கெட்டு, பக்கெட்டுக்கு 18 லிட்டர்னு போட்டாலும் குளிக்க மட்டும் 432. கக்கூஸுக்குப் போறவன் நிலைமையை நீயே யோசி. நாலு பேரு குளிச்சதும் மோட்டரைப் போட்டுரு. தொட்டி காலியாகி குழாய்ல காத்து பூந்துச்சுன்னா சோப்பு போட்ட மாப்பிள்ளை அப்படியே நிப்பாரு. அது கிடக்கட்டும், அம்மா ஊசிக்கு என்ன எழுதியிருக்க?

பாஸ்கர்: "அனைவரும் வந்தபின் ஒன்றாக உணவு. அதற்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின்."

வசந்தா: அழிடா அதை! நாளைக்கு அவங்க 6 மணிக்குக் கிளம்புறோம்னா 8ன்னு அர்த்தம். ரோட்டுலயே ஆறு மணி நேரம். நடுவுல டீக்கு ஒரு தடவை, பிள்ளை வாந்திக்கு ரெண்டு தடவை. மூணு மணிக்கு வருவாங்க. அம்மாவுக்குக் காலையில போடுற கலப்பு ஊசி மத்தியானம் வரைக்கும் வேலை செய்யும். ஒரு மணிக்குச் சோறு உள்ள போகலைன்னா சர்க்கரை இறங்கிரும். வேர்க்கும், கை நடுங்கும், அப்புறம் பேச்சு குழறும். இவங்க வந்து இறங்குறப்ப அம்மா உன்னைப் பார்த்து "தம்பி யாரு?"ன்னு கேட்டு நிக்கும்.

பாஸ்கர்: அப்படி ஆச்சுன்னா?

வசந்தா: விரல்ல குத்தி மிஷின்ல சர்க்கரையைப் பாரு. 70க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடு. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு. ஏறலைன்னா இன்னொரு தடவை. நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாம 108க்குப் போன் அடி.

பாஸ்கர்: சித்தி ஒரு கிலோ மைசூர்பா கொண்டு வருது. அதுலயே ரெண்டு துண்டு...

வசந்தா: நெய்யில ஊறுனது மெதுவாத்தான் ரத்தத்துல ஏறும். அவசரத்துக்கு ஆகாது. அவசரமில்லாதப்ப குடுக்கவே கூடாது. ஆனா சித்தி குடுக்கும். நான் கண்ணை உருட்டுனா "பாவம், பெத்த தாய்க்கு ஒரு துண்டு குடுக்க மனசு வரல"ன்னு கோயம்புத்தூர் வரைக்கும் சொல்லிட்டுப் போகும். டப்பாவை வாங்குனதும் பேரப்பிள்ளைங்க கையில குடுத்துரு. பத்து நிமிஷத்துல பிரச்சினை தீந்துரும்.

பாஸ்கர்: ஞாயித்துக்கிழமை ராத்திரி?

வசந்தா: "திருநள்ளாறுல கிளம்பிட்டோம்"னு போன் வந்ததும் ஊசியைத் தூக்கிறாத. அங்கேருந்து ஒண்ணரை மணி நேரம் ஆகும். வழக்கம்போல ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்கு ரெண்டு இட்லி.

பாஸ்கர்: ஏழரைக்கா? அவங்க அதைக் கழிக்கத்தான் அங்க போறாங்க!

வசந்தா: இங்க அது தினமும் ராத்திரி வருது. ஆனா "வந்தவங்க சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடுறது"ன்னு அம்மா முரண்டு பிடிக்கும். நீ கெஞ்சாத. "அம்மா, சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு பாரு"ன்னு தட்டை நீட்டு. சாம்பாரைத் தனியா எப்படிப் பாக்குறது? ஒரு இட்லி வையி. "சட்னி?" அதுக்கு இன்னொண்ணு. வேலை முடிஞ்சுது. ஆனா உப்பு போதாதுன்னுதான் சொல்லும். போடுற மாதிரி கையை ஆட்டு, போட்றாத. பிரஷர் இருக்கு.

பாஸ்கர்: இதையெல்லாம் எக்செல்ல எப்படிக்கா ஏத்துறது?

வசந்தா: இன்னொண்ணும் ஏத்து. வாசல்ல செருப்பு 24 கிடக்கும். கூடத்துல செல்போன் சார்ஜர் வயரெல்லாம் கொடி மாதிரி ஓடும். அம்மாவோட வாக்கர் கால் அதுல மாட்டுனா இடுப்பெலும்பு போச்சு. செருப்பெல்லாம் திண்ணைக்குக் கீழ, சார்ஜரெல்லாம் மாடி ரூம்ல.

பாஸ்கர்: அம்மா சித்தியைக் கட்டிப் பிடிச்சு அழும்போது ஹியரிங் எய்டு விசில் அடிக்குமே. போன தடவை யாரோ குக்கரை அணைக்க ஓடுனாங்க.

வசந்தா: கன்னம் ஒட்டுனா சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போயி கத்தும். கட்டிப் பிடிக்கிறதா இருந்தா மிஷின் மாட்டாத காதுப் பக்கம் பிடிக்கச் சொல்லு. 12 பேரும் ஒரே நேரத்துல பேசுனா அதுக்கு மீன் மார்க்கெட்டுதான் கேக்கும். ஒவ்வொருத்தரா எதிர்ல உக்காந்து, முகத்தைப் பாத்து, கத்தாம பேசணும். பேட்டரி நேத்தே போயிருச்சு. 13 நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர், அலமாரியில இருக்கு. ஸ்டிக்கரை உரிச்சு ஒரு நிமிஷம் காத்துல வச்சிட்டுப் போடு.

பாஸ்கர்: அவ்வளவுதானே? வாக்கர் பிடிச்சு நடக்குது, பேட்டரி போட்டா கேக்குது. சமாளிச்சிரலாம்.

வசந்தா: அங்கதாண்டா இருக்கு வினை. சித்தி முன்னால அம்மா வாக்கரைத் தொடாது. தங்கச்சி முன்னால கிழவி மாதிரி தெரியக் கூடாதாம். வண்டி ஹாரன் கேட்டதும் அதைக் கதவுக்குப் பின்னால தள்ளிட்டு, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, "வாங்க வாங்க, எல்லாருக்கும் காபி போடுறேன்"னு நடக்கும். ரெண்டு மணி நேரம் ராணி மாதிரி இருக்கும். "அக்கா நல்லாத்தானே இருக்கு, நீதான் பயமுறுத்துற"ன்னு சித்தி எனக்குப் புத்தி சொல்லும். அவங்க போன மறுநாள் முழுக்க அம்மா எந்திரிக்காது.

பாஸ்கர்: சித்திக்கும் முட்டி வலின்னு கேள்விப்பட்டேனே?

வசந்தா: அதுவும் கைத்தடி வச்சிருக்கு. வண்டியிலயே ஒளிச்சு வச்சிட்டுத்தான் இறங்கும்.

பாஸ்கர்: (சிரித்துக்கொண்டே) அப்ப காபி நான் போடுறேன். 12 டம்ளர்.

வசந்தா: சின்ன ஃபில்டர் 4 பேருக்குத்தான் தாங்கும். பெரிய ஃபில்டர் பரண்ல இருக்கு. பொடியை அமுக்காத. அமுக்குனா சிக்கரி ஊறி அடைச்சுக்கும், விடியிற வரைக்கும் ஒரு சொட்டு இறங்காது. அப்படி நின்னுச்சுன்னா மேல் பாத்திரத்தை லேசாத் தூக்கி வையி, காத்து வெளியேறி இறங்கும். (நிறுத்தி) டேய். ஏதாவது சத்தம் கேக்குதா?

பாஸ்கர்: இல்லையே.

வசந்தா: அதான் பயமா இருக்கு. வாக்கர் சத்தம் இல்ல, ஆனா சமையக்கட்டுல லைட்டு எரியுது.

பாஸ்கர்: (எட்டிப் பார்த்து) ஸ்டூலைப் பரணுக்குக் கீழ இழுத்துக்கிட்டு இருக்குக்கா! ஹியரிங் எய்டை நானே கழட்டி டப்பாவுல வச்சேனே?

வசந்தா: காபின்னு பேசுனா அது இல்லாமலே கேக்கும். ஓடு, ஸ்டூலைப் பிடி. போறப்ப வாக்கரையும் எடுத்துக்க.

பாஸ்கர்: "இது எதுக்குடா இப்ப"ன்னு திட்டுமே!

வசந்தா: உனக்கு முட்டி வலின்னு சொல்லிட்டு நீ பிடிச்சு நட.