பெர்ன்ஸ்டைனை அந்த ஒரு தோல்வியால் மட்டும் நினைக்க வேண்டாம்

சதுரங்க வீரர் ஒசிப் பெர்ன்ஸ்டைனைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 1914-இல் மாஸ்கோவில், பின்னாளில் உலக சாம்பியனான கபபிளான்காவிடம் அவர் தோற்ற ஆட்டத்துக்கே பாதி இடம் போய்விட்டது. அந்த ஆட்டத்தை நானும் பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சி நெடுவரிசையில் முன்னேறி வந்த கபபிளான்காவின் கறுப்புச் சிப்பாயை வெட்டிவிட்டு, ஒரு சிப்பாய் லாபம் என்று பெர்ன்ஸ்டைன் இருக்கிறார். கபபிளான்கா தன் ராணியைக் கொண்டுபோய் பி2 கட்டத்தில் வைக்கிறார். அதை வெட்டினால் முதல் கிடைவரிசையில் கபபிளான்காவின் யானை வந்து மேட், ராஜா தப்ப வழியில்லை. வெட்டாவிட்டால் பெர்ன்ஸ்டைனின் யானை போய்விடும். அங்கேயே ஆட்டத்தைக் கைவிட்டார் பெர்ன்ஸ்டைன். அழகான முடிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் மனுஷன் முழுநேர ஆட்டக்காரரே இல்லை. 1906-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய நிதித்துறை வழக்கறிஞர். தொழிலுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஆடியவர். அப்படியிருந்தும் 1907-இல் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் நடந்த போட்டியில், அன்றைய முன்னணி வீரர் ரூபின்ஸ்டைனோடு முதலிடத்தைப் பகிர்ந்தார். ரஷ்யப் புரட்சியில் சேர்த்த சொத்தெல்லாம் போனது. பாரிஸில் மறுபடி சம்பாதித்தார், 1929 பொருளாதாரச் சரிவில் அதுவும் போனது. மூன்றாவது முறை எழுந்தபோது நாஜிப் படை பிரான்சுக்குள் வந்துவிட்டது, ஸ்பெயினுக்குத் தப்பினார்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: 1954, உருகுவேயின் மான்டிவிடியோ. எழுபதைத் தாண்டிய வயதில், அன்றைய உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான நஜ்தார்ஃபைத் தாக்கி ஆடியே வீழ்த்தினார். 37 நகர்த்தல்கள். தயவுசெய்து அதையும் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.